ஆறு அங்குலத் தொலைநோக்கியின் மறுசீரமைப்பு: ஐப்பசி மழையிலிருந்து சித்திரை வானம் வரை

150 மில்லிமீட்டர் விட்டமும் 1200 மில்லிமீட்டர் குவியத் தொலைவும் கொண்ட நியூட்டன் வகைத் தொலைநோக்கி ஒன்று, கரூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றின் ஆய்வகத்தில் பல ஆண்டுகளாகப் பயன்பாடின்றி இருந்தது. அதைச் சீர்செய்து தரும்படி 2024 ஐப்பசியில் பள்ளியினர் கேட்டுக்கொண்டார்கள். அடைமழைக் காலத்தில் தொலைநோக்கியைக் கையில் எடுப்பதா என்று சிலருக்குத் தோன்றலாம்; இவ்வகை வேலைக்கு அதைவிடப் பொருத்தமான பருவம் கிடையாது என்பதே என் எண்ணம். தமிழகத்தின் உள்மாவட்டங்களில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை வானத்தை மூடிவைத்திருக்கும். தை பிறந்த பிறகு ஏப்ரல் வரை கிடைக்கும் தெளிந்த இரவுகள்தாம் நமக்கு உரியவை. அவை வரும்போது கருவி ஆயத்தமாக இருக்க வேண்டுமானால், வேலை முழுவதும் மழைக்குள் முடிந்தாக வேண்டும்.

கருவியைப் பிரித்துப் பார்த்ததில் நான்கு குறைகள் தெரிந்தன. ஒளியைத் திரட்டும் குழியாடியின் மேல் தூசியும் ஓரத்தில் பூஞ்சையும் படிந்திருந்தன. ஆடியைப் பிடித்திருந்த மூன்று கவ்விகள் மிக இறுக்கமாக முடுக்கப்பட்டிருந்தன. கண்ணருகு வில்லையை முன்பின் நகர்த்திப் பிம்பத்தைத் தெளிவாக்கும் ஃபோகஸரில் இட்ட கிரீஸ் காய்ந்து பசையாக மாறியிருந்தது. நான்காவது குறை தேய்மானத்தாலோ பராமரிப்பின்மையாலோ வந்ததன்று. தொலைநோக்கியை ஏற்றி நிறுத்தும் தாங்கியே நம் ஊருக்கு ஒத்துவராத ஒன்று. அதை முதலில் விளக்கிவிடுகிறேன், ஏனெனில் நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழும் நாம் ஒவ்வொருவரும் இத்தகைய தாங்கியை வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி அது.

தொலைநோக்கியுடன் வந்தது நிலநடுக்கோட்டுத் தாங்கி. அதன் முதன்மை அச்சு, விண்மீன்கள் சுற்றிவருவதாகத் தோன்றும் வான துருவத்தை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். அந்தச் சாய்வு நாம் நிற்கும் இடத்தின் அகலாங்குக்குச் சமம். லண்டனில் அது 51 பாகைக்கு மேல். கரூர்ப் பகுதியில் 11 பாகைதான். அச்சு கிட்டத்தட்டப் படுத்த நிலையில் இருந்தால்தான் நமக்குப் பயன்படும். இந்தத் தாங்கியின் சாய்வுத் திருகு 20 பாகைக்குக் கீழே இறங்கவில்லை. முக்காலியின் ஒரு காலுக்கு முட்டுக் கொடுத்து மீதியைச் சாய்த்தபோது, எடைக்கட்டிகளைக் கோத்திருக்கும் தண்டு இன்னொரு காலில் மோதிக்கொண்டு வானத்தின் ஒரு பகுதியை முழுவதுமாக மறித்தது. உயர்ந்த அகலாங்குகளை மனத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்ட பொருளை நம் ஊரில் வலிந்து பயன்படுத்துவதைவிட, அதை அகற்றிவிட்டு டாப்ஸன் வகைத் தாங்கி ஒன்றை மரத்தில் செய்வது மேல் என்று முடிவு செய்தோம். தச்சு வேலை நன்கு தெரிந்த நண்பர் ஒருவர் அந்தப் பொறுப்பை ஏற்றார். கண்ணாடி வேலை என்னுடையது.

ஜான் டாப்ஸன் 1915இல் பெய்ஜிங்கில் பிறந்து சான் பிரான்சிஸ்கோவில் இராமகிருஷ்ண மரபைச் சேர்ந்த வேதாந்த மடத்தில் துறவியாக இருந்தவர். கப்பல் சாளரக் கண்ணாடியைத் தேய்த்துக் குழியாடியாக்கி, அட்டைக் குழாயில் பொருத்தி, பலகைப் பெட்டியில் ஏற்றி, வழியில் போவோரையெல்லாம் அழைத்து நிலவைக் காட்டினார். அவருடைய தாங்கி மேலும் கீழும் அசையும், பக்கவாட்டில் சுழலும், அவ்வளவே. எந்த அகலாங்கிலும் அது ஒரே மாதிரி இயங்கும். பள்ளிக்கு வேண்டியதும் அதுதான்.

குழியாடியைச் சுத்தம் செய்த விதத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஆடியின் முகத்தில் பூசப்பட்டிருக்கும் அலுமினியப் படலத்தின் தடிமன் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. வீட்டுக் கண்ணாடியைப்போல் பின்புறம் பூசப்பட்டிராமல் முன்புறத்திலேயே அது திறந்து கிடப்பதால், உலர்ந்த துணியால் ஒருமுறை அழுத்தித் துடைத்தால்கூடத் தூசித்துகள் ஒவ்வொன்றும் ஒரு கீறலை விட்டுச்செல்லும். எனவே துடைத்தல் என்ற எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். கவ்விகளைத் தளர்த்தி ஆடியை வெளியே எடுத்து, ரப்பர் ஊதுபந்தால் தூசியை ஊதி நீக்கினேன். வாயால் ஊதினால் எச்சில் துளி தெறிக்கும். பிறகு பிளாஸ்டிக் தொட்டியின் அடியில் துண்டை மடித்து விரித்து, அதன் மேல் ஆடியை முகம் மேலாக வைத்து, முகம் மூழ்கும் அளவுக்கு நீர் ஊற்றி, பாத்திரம் துலக்கும் திரவச் சோப்பில் சில துளிகள் விட்டு ஊறவைத்தேன்.

நீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியின் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு மிகுந்தது; அது ஆடியில் காய்ந்தால் வெண்புள்ளிகளாகப் படிந்து, தூசியைவிடக் கெடுதலான கறையாகிவிடும். ஆகவே முதல் அலசலிலிருந்து கடைசி அலசல் வரை மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய டிஸ்டில்டு வாட்டரையே பயன்படுத்தினேன். ஊறிய பிறகு, மருத்துவப் பஞ்சை உருண்டையாக எடுத்து நீருக்கு அடியிலேயே ஆடியின் மேல் வைத்து, அதன் சொந்த எடை மட்டுமே அழுத்தும்படி நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஒருமுறை இழுத்துவிட்டு, அந்தப் பஞ்சை எறிந்துவிட வேண்டும். அடுத்த இழுப்புக்கு வேறு பஞ்சு. ஒரே பஞ்சால் இரண்டாம் முறை இழுத்தால், முதல் இழுப்பில் எடுத்த மணல் துகளே அரமாகிவிடும். முழு முகமும் முடிந்தபின் சுத்தமான டிஸ்டில்டு வாட்டரில் அலசி, ஆடியைச் செங்குத்துக்கு அருகில் சாய்த்து நிறுத்தினேன். நீர் பெரும்பாலும் ஒரே படலமாக வழிந்து இறங்கியது. தங்கிய இரண்டொரு துளிகளை மெல்லிய தாளின் மூலையால் தொட்டு உறிஞ்சினேன்.

காய்ந்த ஆடியை இருட்டறையில் மின்விளக்கின் முன் பிடித்துப் பின்புறத்திலிருந்து பார்த்தபோது படலத்தின் உண்மை நிலை தெரிந்தது. நடுப்பகுதி உறுதியாக இருந்தது. விளிம்பை ஒட்டிய ஒரு பிறை வடிவப் பகுதியில் பூஞ்சை படலத்தை அரித்திருந்ததால் ஊசித்துளைகளாக ஒளி கசிந்தது. பூஞ்சையைக் கழுவலாம், அது தின்றதை மீட்க முடியாது. மீண்டும் வெற்றிடக் கலத்தில் வைத்து அலுமினியம் பூசுவதே முழுமையான தீர்வு. ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில், 1986இல் இயங்கத் தொடங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கியின் ஆடிக்கே அவ்வப்போது மறுபூச்சு தேவைப்படுகிறது என்பதை நினைத்தால், பள்ளி ஆய்வகத்தின் ஆடிக்கு அது வேண்டியிருப்பதில் வியப்பில்லை. சேதமான பரப்பு சிறிது என்பதால் இந்தப் பருவத்தைப் பழைய பூச்சுடனேயே கடப்பதென்று தீர்மானித்தேன். சிறிதளவு படலம் போயிருந்தால் கொஞ்சம் வெளிச்சம் குறையும். பிம்பத்தின் கூர்மை குறையாது. கூர்மையைக் கெடுப்பவை வேறு: ஆடியின் மீதான அழுத்தம், அச்சுப் பிசகு, வெப்பம்.

ஆடியைத் திரும்பப் பொருத்துவதற்கு முன் அதன் நடுப்புள்ளியைக் குறித்தேன். ஆடியின் விட்டத்துக்கு வட்டமாக வெட்டிய தாளை நான்காக மடித்து நுனியைச் சிறிது நறுக்கினால் நடுவில் துளை விழும். அந்தத் தாளை ஆடியின் மேல் வைத்துத் துளையின் வழியே மைப்புள்ளி இட்டு, அதைச் சுற்றி, கோப்புத் தாள்களின் துளைகளைப் பலப்படுத்த ஒட்டும் வளைய ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினேன். நடுப்பகுதி எப்படியும், ஒளியைப் பக்கவாட்டில் ஃபோகஸருக்குத் திருப்பும் சமதள ஆடியின் நிழலில்தான் இருக்கிறது. 35 மில்லிமீட்டர் அகலமுள்ள அந்தச் சிறிய ஆடி மறைப்பது மொத்தப் பரப்பில் ஐந்தரை விழுக்காட்டுக்கும் குறைவு. வளையத்தால் இழப்பு எதுவும் இல்லை.

கவ்விகளைத் திரும்ப முடுக்கும்போது, ஒவ்வொன்றுக்கும் ஆடிக்கும் இடையே ஒரு தாள் செருகி, முடுக்கியபின் அந்தத் தாள் தடையின்றி உருவ வருகிறதா என்று பார்த்தேன். கவ்வியின் வேலை ஆடி விழாமல் காப்பது. அதை அழுத்திப் பிடிப்பது அன்று. ஒரு கிலோ எடையுள்ள தடித்த கண்ணாடி விரல் முடுக்குக்கு வளையுமா என்று கேட்டால், வளையும்: ஒளியின் அலைநீளத்தில் கால் பங்கு பிசகினாலே பிம்பம் பாழாகும் கருவி இது. மூன்று கவ்விகள் இறுக்கினால் விண்மீன் முக்கோணமாகத் தெரியும்.

ஃபோகஸரின் காய்ந்த கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி நீக்கிப் புதிய லித்தியம் கிரீஸ் இட்டதையும், குழாயின் உட்புறத்தில் ஃபோகஸருக்கு எதிர்ப்பக்கம் கறுப்பு வெல்வெட் துணி ஒட்டியதையும் பற்றி விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டும் எளிய வேலைகள். வெல்வெட் மட்டும் எதிர்பார்த்ததைவிட நல்ல பலன் தந்தது; தெருவிளக்கு தெரியும் இடத்தில் பார்க்கும்போதுகூடப் பார்வைப் புலத்தின் பின்னணி கறுப்பாக இருந்தது.

தாங்கிக்கு 18 மில்லிமீட்டர் தண்ணீர் தாங்கும் பிளைவுட்டை எடுத்தோம். அடிவட்டம், அதன் மேல் சுழலும் வட்டம், அதில் நிற்கும் இரு பக்கப் பலகைகள், அவற்றை இணைக்கும் முன்பலகை: இவ்வளவுதான் பெட்டி. வெட்டிய விளிம்புகள் எல்லாவற்றிலும் பிரைமர் இரண்டு கோட் அடித்தோம். கார்த்திகை ஈரத்தை உறிஞ்சி பிளைவுட் உப்பினால் தட்டையான பரப்பு என்பதே இல்லாமல் போய்விடும். மேல் வட்டத்தின் அடிப்பரப்பில் சொரசொரப்பான மைக்கா தகடு ஒட்டப்பட்டது. வழவழப்பான மைக்காவைவிட மணல் மணலாக இருக்கும் மைக்காவில்தான் டெஃப்லான் சீராக வழுக்குகிறது. டெஃப்லான் தாளைக் கோவையில் பேக்கிங் சாமான் விற்கும் கடையில் வாங்கினோம். அதிலிருந்து மூன்று சதுரங்கள் வெட்டி, கீழ் வட்டத்தின் மூன்று கால்களுக்கு நேர் மேலே அவற்றைப் பதித்தோம். காலுக்கு நேர் மேலே என்பது முக்கியம்; விலகி இருந்தால் சுமையில் பலகை தொய்ந்து, தொடும்போதெல்லாம் பிம்பம் ஊசலாடும். சதுரங்களைப் பிடிக்கும் திருகுகளின் தலை டெஃப்லானுக்குள் நன்றாக அமிழ்ந்திருக்கும்படி நண்பர் குழி தோண்டி இறக்கினார். தலை சிறிது தூக்கினாலும் மைக்காவைக் கீறிவிடும்.

மேல்கீழ் அசைவுக்கு 110 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாய் மூடிகள் இரண்டைக் குழாயின் இருபுறமும் பொருத்தினோம். அவை பக்கப் பலகைகளில் வெட்டிய பள்ளத்தில், இரண்டிரண்டு டெஃப்லான் துண்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கும். குழாயைச் சமநிலையில் நிறுத்தும் இடத்தை, கண்ணருகு வில்லையும், குறிபார்க்க உதவும் சிறு தொலைநோக்கியான ஃபைண்டரும் பொருத்திய நிலையில்தான் கண்டுபிடிக்க வேண்டும். எல்லாம் கூடியபின், குழாய் செங்குத்தாக நிற்கும்போது கண்ணருகு வில்லை தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் உயரத்தில் வந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஏணியோ நாற்காலியோ இல்லாமல் நின்று பார்க்கலாம்.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. வானம் அதன் பிறகும் திறக்கவில்லை. அந்த நாட்களில் காலிமேஷனை, அதாவது இரு ஆடிகளையும் ஒன்றுக்கொன்று நேர்ப்படுத்தும் வேலையை, வீட்டுக்குள்ளேயே முடித்தேன். லேசர் கருவி வேண்டியதில்லை. பழைய ஸ்டுடியோ ஒன்றில் கிடைத்த 35 மில்லிமீட்டர் ஃபிலிம் டப்பா ஒன்றேகால் அங்குல ஃபோகஸரில் கச்சிதமாக உட்கார்ந்தது. அதன் அடியை வெட்டிவிட்டு, மூடியின் நடுவில் சிறு துளையிட்டு, மூடியின் உட்புறம் வெள்ளைத் தாள் வளையம் ஒட்டினால் கருவி ஆயத்தம். துளையின் வழியே பார்த்து, சமதள ஆடியின் வட்டம் ஃபோகஸர் குழாயின் நடுவில் அமையும்படி அதன் தண்டை முன்பின் நகர்த்த வேண்டும். அடுத்து, சமதள ஆடியின் மூன்று திருகுகளால், குழியாடியின் மூன்று கவ்விகளும் சம அளவில் கண்ணில் படும்படி சாய்க்க வேண்டும். இறுதியாக, குழியாடியின் பின்புறத் திருகுகளால், வெள்ளை வளையத்தின் பிம்பத்துக்கு நடுவே உள்ள கரும்புள்ளி, ஆடியில் ஒட்டிய ஸ்டிக்கர் வளையத்துக்குள் போய் அமர வேண்டும். குவியத் தொலைவு விட்டத்தைப்போல் எட்டு மடங்கு என்பதால் இந்தக் கருவி பொறுமையானது. ஐந்து மடங்கு விகிதமுள்ள குட்டைக் குழாய்களில் அனுமதிக்கப்படும் பிசகைவிட நான்கு மடங்கு இதில் தாங்கும். முதன்முறை தொலைநோக்கி வாங்குவோருக்கு நான் நீளக் குழாயையே பரிந்துரைப்பதற்கு இதுவே காரணம்.

டிசம்பர் 13 அன்று கார்த்திகை தீபம். ஜெமினிட் எரிகல் பொழிவின் உச்சமும் அதே இரவுதான். மேகம் விலகியிருந்தாலும் அவ்வாண்டு அதற்குப் பெரும் பயன் இருந்திராது, ஏனெனில் முழுமைக்கு அண்மித்த நிலவு கார்த்திகைக் கூட்டத்தின் அருகிலேயே நின்றது. இது தற்செயல் அன்று. தமிழ் மாதப் பெயர்கள் முழுநிலவு எந்த விண்மீனை ஒட்டி வருகிறதோ அதைத் தழுவியவை. கார்த்திகையில் கார்த்திகைக் கூட்டமும், மார்கழியில் திருவாதிரையும், சித்திரையில் சித்திரை விண்மீனும் திருநாள் இரவுகளில் நிலவொளியில் மூழ்கித்தான் இருக்கும். தொலைநோக்கியில் அவற்றைப் பார்க்க, திருநாளுக்குப் பின் இரண்டு வாரம் பொறுத்து அமாவாசையை ஒட்டி வர வேண்டும்.

மார்கழி அமாவாசை வாரத்தில் வானம் திறந்தது. முதல் வேலை விண்மீன் சோதனை. உயர்ந்த உருப்பெருக்கத்தில் ஒரு விண்மீனைக் குவியத்திலிருந்து சற்று விலக்கினால் ஒருமைய வளையங்கள் தெரியும். அவற்றின் வடிவம் ஆடியின் நிலையை அப்படியே சொல்லிவிடும். மேலைநாட்டுக் கையேடுகள் இதற்குத் துருவ விண்மீனைப் பரிந்துரைக்கின்றன, அது நகராது என்பதால். நமக்கு அது உதவாது. தொடுவானத்திலிருந்து 11 பாகை உயரத்தில் உள்ள விண்மீனின் ஒளி, தலைக்கு மேலிருந்து வரும் ஒளியைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. வளையங்கள் கொதிக்கும் நீரில் விழுந்த நிழலாகக் குலையும். அதனால் வடக்கே 55 பாகை உயரத்தில் நின்ற கப்பெல்லாவைத் தேர்ந்தெடுத்தேன். 10 மில்லிமீட்டர் வில்லையும், உருப்பெருக்கத்தை இரட்டிப்பாக்கும் பார்லோ வில்லையும் சேர்ந்து 240 மடங்கு. கருவியை வெளியே வைத்தவுடன் பார்த்தபோது வளையங்களின் ஒரு பக்கம் மேல்நோக்கிப் புகைந்தது. அறைச்சூட்டிலிருந்த ஆடி தன் வெப்பத்தைக் குழாய்க்குள் விட்டுக்கொண்டிருந்தது. மார்கழிக் குளிரில் ஒரு மணி நேரம் விட்டபின் அந்தப் புகைச்சல் அடங்கி, குவியத்துக்கு உள்ளேயும் வெளியேயும் வட்டமான, சம வெளிச்சமுள்ள வளையங்கள் நின்றன. முக்கோணம் இல்லை. கவ்விகளைத் தளர்த்தியதன் பயன் அங்கே தெளிவாகத் தெரிந்தது.

வியாழன் டிசம்பர் 7 அன்று சூரியனுக்கு நேரெதிரே வந்திருந்தது. ரோகிணிக்கு வடகிழக்கே இரவு முழுவதும் ஒளிர்ந்தது. 120 மடங்கில் அதன் இரு நடுவரைப் பட்டைகளும் விளிம்புக் கிழிசல்களோடு தெரிந்தன. அப்போதுதான் டாப்ஸன் தாங்கி நம் அகலாங்கில் தரும் ஒரு சிக்கலும் வெளிப்பட்டது. வியாழன் எங்கள் உச்சியிலிருந்து 11 பாகை தொலைவில், வடக்கு தெற்காகத் தலைக்கு மேல் செல்லும் உச்சிவட்டத்தைக் கடந்தது. உச்சிக்கு அருகே போகும் பொருளைத் தொடர, பக்கவாட்டுச் சுழற்சி மணிக்கு 70 பாகை அளவுக்கு வேண்டியிருக்கும். தெற்கே பாதி உயரத்தில் உள்ள பொருளுக்கு மணிக்கு 18 பாகை போதும். குழாயோ கிட்டத்தட்டச் செங்குத்தாக நிற்கிறது. அதைப் பிடித்துத் தள்ளினால் நெம்பு கை இல்லாததால் சுழலாமல் முறுக்கும். ஐரோப்பாவில் இருப்பவர்களுக்குக் கோள்கள் இவ்வளவு உயரம் வருவதே இல்லை. நமக்கு ரிஷபமும் மிதுனமும் தலைக்கு மேலேதான் போகின்றன.

இதற்கு இரண்டு மாற்றங்கள் செய்தோம். பக்கப் பலகையின் வெளிப்புறத்தில், மையத்திலிருந்து முடிந்தவரை விலகிய இடத்தில், மரக் கைப்பிடி ஒன்றைப் பொருத்தினோம். உச்சிக்கு அருகே பார்க்கும்போது குழாயைத் தொடாமல் பெட்டியையே அதனால் சுழற்றலாம். நடு போல்ட்டில் இரு வட்டங்களுக்கும் இடையே மெல்லிய பிளாஸ்டிக் வாஷர்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, சுமையில் ஒரு பங்கு மையத்துக்கு மாறும்படி செய்தோம். விளிம்பில் உள்ள டெஃப்லான் மீது அழுத்தம் குறைந்தவுடன் சுழற்சி இலகுவானது. ஒரு வாஷர் கூடிவிட்டால் பெட்டி ஆடத் தொடங்கும். சேர்த்துச் சேர்த்துப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும்.

தை மாதம் அந்த ஆண்டு நிறையவே கொடுத்தது. ஜனவரி 18 மாலை மேற்கில் வெள்ளியும் சனியும் இரண்டு பாகை இடைவெளியில் நின்றன. சனியின் வளையம் மார்ச் 23 அன்று பூமிக்கு விளிம்பைக் காட்டவிருந்ததால், அப்போதே கோளின் குறுக்கே இழுத்த மெல்லிய கோடாகச் சுருங்கியிருந்தது. ஏறத்தாழ 15 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் நிலை அது. செவ்வாய் ஜனவரி 16 அன்று எதிரெழுச்சியில், அதாவது சூரியனுக்கு நேரெதிரே, இருந்தது. அதன் தோற்ற விட்டம் 14.6 வில்விநாடி, 240 மடங்கில், வெறுங்கண்ணால் காணும் முழுநிலவைப்போல் இரு மடங்கு அகலம். காற்று அசையாமல் நின்ற கணங்களில் வடதுருவப் பனித்தொப்பி வெண்பொட்டாகத் தெளிந்தது. பிள்ளைகளிடம் உடனே தெரிகிறதா என்று கேட்காமல், கண்ணை எடுக்காமல் சில நிமிடங்கள் பார்க்கச் சொன்னேன். பொறுத்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

தை அமாவாசைக்குக் கடவூர் மலைகளை ஒட்டிய ஒரு கிராமத்துக்குக் கருவியைக் கொண்டு சென்றோம். 2022இல் தேவாங்குகளுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பகுதி அது. இரவில் உலவும் அந்த உயிரினத்துக்கு இருள் எவ்வளவு தேவையோ அவ்வளவு நமக்கும் தேவை. காட்டுக்குள் போகாமல், ஊர் விளிம்பில் களத்துமேட்டில், சிவப்புத் தாள் சுற்றிய டார்ச்சை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தோம். ஓரியன் நெபுலாவின் நடுவில் உள்ள நான்கு விண்மீன்கள் எந்தச் சிறு தொலைநோக்கியிலும் தெரியும். அவற்றை ஒட்டிய மங்கலான ஐந்தாவதும் ஆறாவதும் தெரிவதே ஆறு அங்குலக் கருவிக்கான தேர்வு. 240 மடங்கில் ஐந்தாவது தெளிவாகவும், ஆறாவது காற்று அடங்கியபோது விட்டுவிட்டும் தெரிந்தன. மறுபூச்சு காணாத ஆடி இதைக் காட்டியதில் எனக்கு அளவற்ற மகிழ்ச்சி. பனி கடுமையாக இருந்தது. நீளக் குழாயின் அடியில் இருந்த குழியாடி உலர்ந்தே இருக்க, ஃபைண்டரின் முகப்பு வில்லை மட்டும் நனைந்தது. அதற்குக் கறுப்பு அட்டையில் ஒரு நீண்ட மூடாக்கு செய்து மாட்டினோம்.

சித்திரையில் தெற்கு வானம். ஏப்ரல் 27 அமாவாசையை ஒட்டிய இரவில் பார்க்க வேண்டியதாக நான் ஆண்டு முழுவதும் மனத்தில் வைத்திருந்தது ஒமேகா சென்டாரி என்ற கோள வடிவ விண்மீன் கொத்து. பண்டைய வானியலாளர் தொலெமி அதை விண்மீன் என்றே பட்டியலிட்டார். எட்மண்ட் ஹாலி செயின்ட் ஹெலினா தீவிலிருந்து 1677இல் அதை விண்மீன் அல்லாத ஒன்றாகக் குறித்தார். 17,000 ஒளியாண்டுத் தொலைவில் ஏறத்தாழ ஒரு கோடி விண்மீன்கள். லண்டனில் அது உதிப்பதே இல்லை. எங்களுக்கு 32 பாகை உயரம் வரை எழுகிறது. அதைத் தேடும் வழி டாப்ஸன் தாங்கிக்கென்றே அமைந்ததுபோல் எளியது. சித்திரை விண்மீனுக்கு நேர் தெற்கே 36 பாகையில் ஒமேகா சென்டாரி இருக்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் உச்சிவட்டத்தைக் கடக்கின்றன. இரவு பதினொன்றரையை நெருங்கும் வேளையில், சித்திரை விண்மீனைப் புலத்தின் நடுவில் நிறுத்தி, கைப்பேசியின் சாய்வுமானியைக் குழாயின் மேல் வைத்தோம். 68 பாகை காட்டியது. பக்கவாட்டில் அசைக்காமல் குழாயை 32 பாகைக்கு இறக்கியதும், 25 மில்லிமீட்டர் வில்லையின் ஒரு பாகைப் புலத்தில் அந்தக் கொத்து ஓரமாக வந்து நின்றது. 48 மடங்கில் உருண்டையான ஒளித்திரள். 120 மடங்கில் அதன் மேற்பரப்பு முழுவதும் தனித்தனி விண்மீன்களாகப் பொடிந்தது. பிள்ளைகள் நகராமல் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வரிசையை ஒழுங்குபடுத்துவதே கடினமாயிற்று.

வைகாசி முடிந்ததும் தென்மேற்குக் காற்றோடு மேகம் வரத் தொடங்கும். அந்த இடைவெளியில் குழியாடியை மறுபூச்சுக்கு அனுப்பவிருக்கிறோம். அதுவரை கருவியைப் பழையபடி உறையிட்டு மூடிவைக்கக் கூடாது என்று பள்ளியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். காற்றோட்டமற்ற உறைக்குள் தங்கிய ஈரம்தான் பூஞ்சையை வளர்த்தது. இரவு பார்த்து முடித்தவுடன் நனைந்த கருவியை மூடாமல், அறைக்குள் குழாயைக் கிடையாக வைத்து இருமுனைகளையும் திறந்துவிட்டுக் காயவிட வேண்டும், மறுநாள்தான் மூடி. வில்லைகளுக்கும் சமதள ஆடிக்கும் காற்றுப்புகாத டப்பாவில் ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல். அது பச்சையாக மாறினால் ஓவனில் 120 பாகைச் சூட்டில் வறுத்து மீண்டும் பயன்படுத்தலாம். நீல நிற ஜெல்லில் உள்ள கோபால்ட் உப்பு நச்சுத்தன்மை உடையது என்பதால் பிள்ளைகள் கையாளும் இடத்தில் அதை வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். குழியாடி திரும்பி வந்ததும் நடுப்புள்ளியைப் புதிதாகக் குறித்து, கவ்விகளைத் தாள் செருகிப் பொருத்தி, காலிமேஷனை ஒன்பதாம் வகுப்பு மாணவர்களே செய்வதாக ஏற்பாடு. அந்த ஃபிலிம் டப்பா இப்போது அவர்களிடம்தான் இருக்கிறது.